முன் சீட்டில் யார்? - இலக்கங்களை வைத்து எண் செய்யும் கணக்கு

"1, 2, 3, 5, 6 ஆகிய இலக்கங்களைக் கொண்டு, எந்த இலக்கமும் திரும்ப வராமல், எத்தனை மூன்றிலக்க எண்கள் அமைக்கலாம்?"

பிளஸ் ஒன்னில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இந்த வரியைப் பார்த்ததுமே வயிற்றுக்குள் ஏதோ புரளும். வரிசை மாற்றமா, சேர்வா? என் பி ஆரா, என் சி ஆரா? வகுத்தால் போதுமா, வகுத்ததை மறுபடி வகுக்கணுமா? பரீட்சை ஹாலில் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து அடுத்த பக்கம் போனவர்கள் என் கிளாஸிலேயே பாதிப் பேர். பி.காம். வந்தால் தொல்லை விட்டது என்று நினைத்தால், சி.ஏ. ஃபவுண்டேஷன் தாளிலும் வங்கித் தேர்வுப் புத்தகங்களிலும் அதே ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார் :-)

என் கட்சி என்னவென்றால், இந்தக் கணக்குக்கு சூத்திரமே வேண்டாம். ஜீப்பில் ஆள் ஏற்றத் தெரிந்தால் போதும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். போடிநாயக்கனூரில் விடிகாலையில் பார்த்தால் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் கையுமாக ஆட்கள் ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எல்லை தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்குவார்கள். ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பது தினமும் நடக்கும் பஞ்சாயத்து. மலை ஏறும்போது சிலருக்கு வாந்தி வரும், ஓரம் வேண்டும். சிலருக்குப் பின்னால்தான் வசதி. டிரைவருக்குத் தோதான ஆள்தான் முன்னால் உட்கார முடியும். சண்டை போடத் தெரிந்தவர்களுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு, "எங்க வேணாலும் உக்காந்துக்கிறேன்" என்பவர்களைக் கடைசியில் ஏற்றினால் ஜீப் சீக்கிரம் கிளம்பும்.

இலக்கக் கணக்கும் இதேதான். இலக்கங்கள்தான் ஆட்கள். ஒன்று, பத்து, நூறு என்கிற இடங்கள்தான் சீட்டுகள்.

மேலே கேட்ட கேள்வியில் யாருக்கும் எந்தப் பிடிவாதமும் இல்லை. முதல் சீட்டுக்கு 5 பேர் தயார். ஒருவர் உட்கார்ந்ததும் அடுத்த சீட்டுக்கு 4 பேர். அதற்கடுத்து 3 பேர். 5 × 4 × 3 = 60. முடிந்தது.

"அதில் இரட்டைப்படை எண்கள் எத்தனை?" என்று கேட்டால் கடைசி சீட்டு அடம்பிடிக்கிறது என்று அர்த்தம். அங்கே 2 அல்லது 6 மட்டும்தான் உட்காரலாம். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசிக்கு 2 வாய்ப்பு, மிச்ச இரண்டு சீட்டுக்கு 4 × 3. ஆக 24. முன்னாலிருந்து ஆரம்பித்தவர்களுக்கு, கடைசிக்கு வரும்போது 2-ம் 6-ம் முன்னாடியே ஏறிவிட்டார்களா இல்லையா என்பதே தெரியாது. அங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

ஆட்களுக்குள் பூஜ்ஜியம் வந்தால் இன்னொரு வம்பு. அவர் முன் சீட்டில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் மூன்றிலக்க எண் இரண்டிலக்க எண்ணாகிவிடும். 0, 2, 4, 5, 7 இவற்றை வைத்து மூன்றிலக்க இரட்டைப்படை எண் கேட்டால் முன் சீட்டும் கடைசி சீட்டும் ஒரே நேரத்தில் அடம்பிடிக்கும். பூஜ்ஜியம் கடைசியில் உட்கார்ந்துவிட்டால் முன் சீட்டுக்குப் பிரச்சினையே இல்லை, உட்காராவிட்டால்தான் பிரச்சினை. இந்த மாதிரி நேரத்தில் இரண்டு ட்ரிப் அடிக்க வேண்டும்.

முதல் ட்ரிப்: கடைசியில் 0. மிச்சம் 4 × 3 = 12.
இரண்டாவது ட்ரிப்: கடைசியில் 2 அல்லது 4. முன் சீட்டுக்கு, பூஜ்ஜியமும் ஏற்கெனவே உட்கார்ந்தவரும் போக 3 பேர். நடுவுக்கு 3 பேர். 2 × 3 × 3 = 18.
மொத்தம் 30.

இவ்வளவுதான் தியரி. சரி, மேட்டருக்கு வருவோம்.

போடியின் பின்கோடு 625513. தேனியின் பின்கோடு 625531. கொஞ்சம் நின்று இன்னொரு தடவை பாருங்கள். இரண்டிலும் அதே ஆறு இலக்கங்கள்தான். கடைசி இரண்டு பேர் மட்டும் சீட்டு மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். 13 என்பதை 31 என்று எழுதிவிட்டால் கடிதம் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்!

6, 2, 5, 5, 1, 3 இந்த ஆறையும் மொத்தம் எத்தனை விதமாக அடுக்கலாம்? ஆறும் வேறு வேறாக இருந்தால் 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 720. ஆனால் 5 இரண்டு முறை இருக்கிறது. ஒரு 5-க்கு சிவப்பு மையும் இன்னொரு 5-க்கு நீல மையும் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 720-ம் வேறு வேறாகத் தெரியும். மையைக் கழுவிவிட்டால் இரண்டிரண்டாக ஒன்று போலாகிவிடும். அதனால் 720-ஐ 2-ஆல் வகுக்கிறோம், 360. "ஒரே மாதிரி இருந்தால் வகுக்கணும்" என்று மனப்பாடம் செய்தது இந்த மை கழுவுகிற வேலையைத்தான்.

அந்த 360-ல் 625 என்று ஆரம்பிப்பவை எத்தனை? மிச்சம் 5, 1, 3 மூன்று பேர், மூன்று சீட்டு. 6 விதம். கவனியுங்கள், இங்கே வகுக்கக் கூடாது. ஒரு 5 ஏற்கெனவே முன்னால் உட்கார்ந்துவிட்டது, மிச்சம் இருப்பவர்களில் இரட்டையர் யாரும் இல்லை. 6255 என்று ஆரம்பிப்பவை? இரண்டே இரண்டு. ஒன்று நாங்கள், இன்னொன்று தேனி :-)

பின்கோடு முறை நாட்டில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15. கொண்டுவந்தவர் அஞ்சல் துறை அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள், புரியாத கையெழுத்து என்று தபால்களைப் பிரிக்கிறவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு வழி. முதல் இலக்கம் மண்டலம், தமிழ்நாடும் கேரளாவும் 6-ல் வருகின்றன. முதல் மூன்றும் சேர்ந்து தபால்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்று குறிப்பிட்ட தபால் நிலையத்தைக் காட்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் எழுதுபவர் கை தவறி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டால் அதைக் கண்டுபிடிக்க அந்த எண்ணுக்குள்ளேயே எந்த வழியும் கிடையாது. 625531-ம் நல்ல எண்தான், அங்கேயும் ஒரு ஊர் இருக்கிறது. பெயரையும் தெருவையும் பார்த்து யாராவது ஒரு தபால்காரர்தான் திருத்த வேண்டும்.

ஆதார் எண்ணில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். 12 இலக்கங்களில் கடைசி ஒன்று சும்மா உட்கார்ந்து வருவதில்லை, அவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். முன்னால் இருக்கும் 11 இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் 12-வது என்னவாக இருக்க வேண்டும் என்று வந்துவிடும். வெர்ஹோஃப் என்கிற டச்சுக் கணிதக்காரர் 1969-ல் வெளியிட்ட முறை அது. ஒரு இலக்கம் தவறினாலும் சரி, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் சரி, பிடித்துவிடும். அதாவது 13, 31 ஆகிற வேலையே அங்கே நடக்காது.

நம் கணக்குப்படி இதற்கு என்ன விலை? ஆதார் எண் 0-விலும் 1-லும் ஆரம்பிப்பதில்லை. ஆக முன் சீட்டுக்கு 8 வாய்ப்பு. அடுத்த 10 சீட்டுகளுக்கு ஆளுக்குப் பத்து. கடைசி சீட்டுக்கு 10 அல்ல, ஒன்றே ஒன்று, ஏனென்றால் அங்கே யார் என்பதை மற்ற 11 பேரும் முடிவு செய்துவிட்டார்கள். மொத்தம் 8000 கோடி. இன்ஸ்பெக்டர் இல்லாமல் விட்டிருந்தால் 80000 கோடி கிடைத்திருக்கும். பத்தில் ஒன்பது பங்கு எண்களைத் தியாகம் செய்து தவறிலிருந்து பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது இன்சூரன்ஸ் பிரீமியம்.

பூஜ்ஜியத்தைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்குவதற்காக 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15. சென்னை சென்ட்ரலில் இருந்து வரும் அந்த ரயிலின் எண் 20601. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஊர், ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். நம் கண்ணுக்கு மட்டும் தெரிவது 2, 0, 6, 0, 1 :-)

இந்த ஐந்தையும் வைத்து எத்தனை ஐந்திலக்க எண்கள்? இரண்டு பூஜ்ஜியம் இருப்பதால் 120-ஐ 2-ஆல் வகுத்து 60. அதில் பூஜ்ஜியம் முன் சீட்டில் உட்கார்ந்தவை, மிச்சம் 0, 1, 2, 6 நான்கும் வேறு வேறு என்பதால், 24. கழித்தால் 36. வேறு வழியில் சரிபார்க்கலாம்: முன் சீட்டுக்கு 1, 2, 6 மூன்று பேர்தான். ஒவ்வொருவருக்கும் மிச்ச நான்கை (அதில் இரண்டு பூஜ்ஜியம்) 12 விதமாக அடுக்கலாம். 3 × 12 = 36. டேலி ஆகிவிட்டது.

ஆனால் கேள்வி "எத்தனை ரயில் எண்கள்?" என்று இருந்தால்? ரயில் எண்ணில் பூஜ்ஜியம் தாராளமாக முன்னால் உட்காரும். ஸ்பெஷல் ரயில்களுக்கு முதல் இலக்கமே 0-தான். தீபாவளி, பொங்கல் ஸ்பெஷலில் டிக்கெட் போட்டவர்களுக்குத் தெரியும். அப்போது விடை 36 அல்ல, 60.

ஆக, எண்ணுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எண்ணா, அடையாளமா? கூட்டிக் கழிக்கிற எண்ணாக இருந்தால் பூஜ்ஜியத்துக்கு முன் சீட்டு கிடையாது. வெறும் அடையாளமாக இருந்தால் உண்டு. வண்டி நம்பர் பிளேட்டில் 0007 என்று எழுதுகிறோமே, அது அடையாளம். ஏ.டி.எம். ரகசிய எண்ணும் அப்படித்தான்.

வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. தேனி மாவட்ட வண்டிகள் டி.என். 60. ஒவ்வொரு வரிசையிலும் 0001 முதல் 9999 வரை. எங்கள் பக்கம் "8 மட்டும் வேண்டாம்" என்பவர்கள் நிறைய. ஆனால் அதிலும் இரண்டு கட்சி. "நம்பருக்குள் 8 எங்கேயுமே வரக் கூடாது" என்பது ஒன்று. "கூட்டினால் 8 வரக் கூடாது" என்பது இன்னொன்று. யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று எண்ணிப் பார்த்தேன்.

முதல் கட்சி: ஒவ்வொரு சீட்டுக்கும் 8 நீங்கலாக 9 பேர். 9 × 9 × 9 × 9 = 6561. அதில் 0000 கிடையாது என்பதால் 6560. மிச்சம் 3439 எண்களை இவர்கள் தொட மாட்டார்கள். "குறைந்தது ஒரு 8 வருகிற எண்கள் எத்தனை" என்று நேராக எண்ணினால் ஒரு 8, இரண்டு 8, மூன்று 8 என்று தலை சுற்றும். வராதவற்றை எண்ணிக் கழிப்பதே சுலபம்.

இரண்டாவது கட்சி: 1-லிருந்து ஒவ்வொன்றாக ஏற, கூட்டு எண் 1, 2, 3... 9, மறுபடி 1 என்று சுற்றி வரும். 9999-ஐ 9-ஆல் வகுத்தால் சரியாக 1111. ஆக ஒவ்வொரு கூட்டு எண்ணுக்கும் 1111 எண்கள்தான். 8-க்கும் அதே 1111. சனீஸ்வரர் யாருக்கும் கூடுதலாக ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை :-)

இதெல்லாம் பாடப்புத்தகம் போட்டவர்களின் கண்டுபிடிப்பு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பாஸ்கராச்சாரியார் 1150-ல் எழுதிய லீலாவதியில் அங்கபாசம் என்று ஒரு பகுதி முழுக்க இதற்காகவே இருக்கிறது. அங்கம் என்றால் இலக்கம், பாசம் என்றால் கயிறு. இலக்கங்களைக் கோத்துப் பின்னுவது. அவர் போட்டிருக்கும் கணக்குகளைப் பாருங்கள்: 3, 9, 8 மூன்றையும் வைத்து எத்தனை எண்கள்? அவற்றின் கூட்டுத்தொகை என்ன? 2 முதல் 9 வரை எட்டையும் வைத்து? 2, 2, 1, 1 என்று இரட்டைகள் வந்தால்? சிவனின் பத்துக் கைகளில் இருக்கும் பத்து ஆயுதங்களைக் கை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எத்தனை உருவம்? (36,28,800.)

கூட்டுத்தொகை கேட்பதில்தான் அழகு. 3, 9, 8-க்கு ஆறு எண்கள். எழுதிக் கூட்டலாம். ஆனால் 2 முதல் 9 வரை என்றால் 40320 எண்கள், எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும். வழி இதுதான். ஜீப்பில் எல்லோருக்கும் சம உரிமை என்றால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீட்டிலும் சம தடவை உட்கார்ந்திருப்பார்கள். 3, 9, 8-ல் ஆறு எண்கள், மூன்று பேர், ஆக ஒவ்வொரு இலக்கமும் ஒவ்வொரு இடத்திலும் 2 தடவை. ஒரு இடத்தின் கூட்டல் (3 + 9 + 8) × 2 = 40. அது ஒன்று, பத்து, நூறு மூன்று இடத்திலும் வருகிறது. 40 × 111 = 4440. எட்டு இலக்கக் கணக்கில் இதையே செய்தால் 24,63,99,99,75,360 என்று வரும். கால்குலேட்டரே மூச்சு வாங்கும் அந்த விடையை எட்டரை நூற்றாண்டுக்கு முன்னால் கையால் போட்டிருக்கிறார்கள். 2, 2, 1, 1-க்கு ஆறு எண்கள், கூட்டினால் 9999. நீங்களே எழுதிப் பாருங்கள்.

இப்போது உண்மையிலேயே இந்தக் கணக்கு ஒருவருக்குத் தேவைப்பட்ட கதை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சொந்தம் இல்லை, ஆனால் பெரியம்மாதான். காலையில் ஜீப்பேறிப் போய் ஏலக்காய் பறிப்பவர். மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தபோதுதான் வாழ்க்கையில் முதல் ஏ.டி.எம். கார்டு அவர் கைக்கு வந்தது. மாதம் 1000 ரூபாய். நாலு மாதம் தொடாமல் வைத்திருந்தார். பேத்தியின் காலேஜ் பரீட்சைக் கட்டணத்துக்கு. கட்டுவதற்குத் திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை சாயங்காலம் எடுக்கப் போனவர் கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார். நாலு மாதம் தொடாததில் நம்பர் கலைந்துவிட்டது. என்னென்ன இலக்கம் என்று தெரிகிறது, எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை. ஒரு தடவை அமுக்கிப் பார்த்து அது தப்பாகிவிட்டது. மூன்று தடவை தப்பினால் கார்டு முடங்கிவிடும். அது இரண்டாவது சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, பேங்க் கிடையாது. திங்கட்கிழமை பேங்க்குக்குப் போகலாம்தான், ஆனால் ஜீப் போய்விடும். ஒரு நாள் கூலி போச்சு. பறிப்புக் காலத்தில் சொல்லாமல் நின்றால் மறுநாள் சீட்டு இருக்குமா என்பதும் சந்தேகம்.

"நாலு நம்பரையும் சொல்றேன், நீ வந்து அமுக்கிக் குடுய்யா" என்றார்.

"நம்பரைச் சொல்லாதீங்க பெரியம்மா. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உங்கிட்ட சொன்னா என்ன? நீ என்ன களவாங்கவா போற?"

"எனக்கு அந்த நம்பர் தேவையே இல்ல பெரியம்மா. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாலுல ஏதாச்சும் ரெண்டு ஒரே நம்பரா?"

"ஆமா. ஒண்ணு ரெண்டு தடவ வரும்."

இலக்கங்கள் என்ன என்று தெரியாமலே எண்ணலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் பெருமை. இரட்டையருக்குப் புளியங்கொட்டை இரண்டு, மற்றவர்களுக்கு ஒரு கூழாங்கல், ஒரு பட்டன். திண்ணையில் பரப்பினேன். நான்கு சீட்டு, இரட்டையர் இருப்பதால் 24-ல் பாதி, 12 விதம். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது, மிச்சம் 11. கையில் இருப்பது இரண்டே தடவை. இப்படியே போனால் 11-ல் 2 வாய்ப்பு. ஆகாது.

"அந்த ரெண்டு தடவ வர்ற பட்டனை அடுத்தடுத்து டொக்கு டொக்குனு அமுக்குவீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலை அசைத்துப் பார்த்தார். "இல்ல. நடுவுல வேற எங்கயோ போயிட்டு வரும் விரலு."

தலைக்கு மறந்தது விரலுக்கு ஞாபகம் இருந்தது. இரட்டையர் ஒட்டி உட்காருவது 6 விதம் (ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நான்கு என்று 3 இடம், மற்ற இருவர் மாறி உட்கார 2). அவர் முதலில் தப்பாக அமுக்கியதும் அப்படி ஒட்டி வந்ததுதானாம். அத்தனையும் அவுட். மிச்சம் 6. புளியங்கொட்டை ஒன்றாம் மூன்றாம் சீட்டில், ஒன்றாம் நான்காம் சீட்டில், இரண்டாம் நான்காம் சீட்டில். அவ்வளவுதான் வழி.

"முதல்ல அமுக்குறது அந்த ரெட்டைப் பட்டனா, தனிப் பட்டனா?"

மறுபடி கண்ணை மூடினார். இந்தத் தடவை ரொம்ப நேரம். "தனி."

அப்படியென்றால் புளியங்கொட்டை இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் இருக்க முடியும். கல் - கொட்டை - பட்டன் - கொட்டை. இல்லாவிட்டால் பட்டன் - கொட்டை - கல் - கொட்டை. இரண்டே இரண்டு. கையில் இருப்பதும் இரண்டு தடவை.

"பெரியம்மா, இந்த ரெண்டுல ஒண்ணுதான். மொத இதைப் பாருங்க. இல்லைன்னா அடுத்தது."

நான் கூடப் போனேன், ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நின்றேன். முதல் தடவை ஆகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. கணக்கு சரிதான், ஆனால் விரலின் ஞாபகம் சரியா என்பது கணக்குக்குத் தெரியாதே. இரண்டாவது தடவை போட்டார். மெஷின் நோட்டு எண்ணுகிற அந்தச் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

அவருடைய நம்பர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏ.டி.எம். ரகசிய எண் ஏன் நான்கு இலக்கம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1967 ஜூன் 27-ல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி திறந்த மெஷினை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட் பேரன். ஆள் பிறந்தது நம் ஷில்லாங்கில். முதலில் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். சமையலறை மேஜையில் மனைவி கரோலினிடம் கேட்டதில், நான்குதான் என் ஞாபகத்தில் நிற்கும் என்று சொல்லிவிட்டார். நான்காகிவிட்டது. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பத்து லட்சம் வாய்ப்பு பத்தாயிரமாகக் குறைந்தது ஒரு இல்லத்தரசியின் ஒரு வாக்கியத்தில். மனுஷனால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடிவதுதானே முக்கியம்? எங்கள் பெரியம்மாவைக் கேட்டிருந்தால் மூன்று என்று சொல்லியிருப்பார்.

அந்தப் பத்தாயிரத்தை நாமே இன்னும் சுருக்கிக்கொள்கிறோம் என்பதுதான் வேடிக்கை. "நாலும் வேறு வேறாக இருந்தால்தான் பாதுகாப்பு" என்று நினைத்து வைத்தால் 10 × 9 × 8 × 7 = 5040. பாதி போய்விட்டது. பிறந்த வருஷத்தை வைத்தால் 19, 20 என்று முன் சீட்டுகள் முடிவாகிவிடும், மிச்சம் நூறு சொச்சம்தான். இன்னொரு விஷயம், நான் போட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டது. பட்டன்கள் தேய்ந்திருப்பதை வைத்து ஒருவன் ஊகிக்கிறான் என்று வையுங்கள். நான்கு பட்டன் தேய்ந்திருந்தால் அவன் 24 விதம் முயற்சி செய்ய வேண்டும். மூன்றே பட்டன் தேய்ந்திருந்தால்? மூன்றில் எது இரட்டை என்பது 3 வழி, ஒவ்வொன்றுக்கும் 12 அடுக்கு, ஆக 36. குறைவான பட்டன், அதிக வேலை. பெரியம்மா ஒரு இலக்கத்தை இரண்டு தடவை வைத்தது தெரியாமல் செய்த நல்ல காரியம்.

பரீட்சைக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக என் மூன்று கேள்விகள். சூத்திரத்தைத் தேடும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒன்று, இது எண்ணா, அடையாளமா (பூஜ்ஜியத்துக்கு முன் சீட்டு உண்டா)? இரண்டு, இரட்டையர் யாராவது இருக்கிறார்களா? மூன்று, அடம்பிடிக்கிற சீட்டு எது? அங்கிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு சீட்டு ஒன்றோடொன்று சண்டை போட்டால் இரண்டு ட்ரிப் அடியுங்கள்.

வீட்டுக் கணக்கு ஒன்று: 2, 0, 6, 0, 1 வைத்துச் செய்த அந்த 36 எண்களையும் சிறியதிலிருந்து வரிசையாக நிறுத்தினால் எங்கள் போடி ரயில் 20601 எத்தனையாவது இடத்தில் நிற்கும்? 36-ஐயும் எழுதாமல் சொல்ல வேண்டும். எனக்கு 17 வந்தது. உங்களுக்கு?